ஹவில்தார் முத்தையாவுக்கு எழுதிய கார்டுகள்

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் டெல்லி துவாரகாவில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள். ஓய்வுபெற்ற படைவீரர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுவது அவர்கள் வேலை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருவருக்குத் தலைகாட்டினால், அது முற்றுவதற்குள் அவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பிரிவே இருக்கிறது. இப்போது யாரை எப்போது கூப்பிடுவது என்பதைக் கம்ப்யூட்டரே பட்டியல் போட்டுக் கொடுத்துவிடுகிறதாம். நல்லதுதான்.

அவர்களில் ஒருத்தி தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே இந்தியில் கேட்டாள்: "மேடம், அந்தப் பக்கம் 'நல்லாயிருக்கேன்'னு சொல்லிட்டா, அதுக்கு மேல என்னத்தக் கேக்கறது?"

அந்த ஒரு சொல்லை நம்பி ஒரு மனிதரை நான் இழக்கப் பார்த்தேன். அதை அவர்களுக்கு அன்று சொன்னேன். சொல்லி முடித்த பிறகு, இதைத் தமிழிலும் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஆர்.கே.புரத்துத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுக்கொண்டிருந்தார்கள், அதற்கே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். இதில் முக்கியமாக வருகிறவர் படித்துப் பார்த்து, "போடுங்க சிஸ்டர்" என்று சொன்ன பிறகுதான் அச்சுக்குக் கொடுக்கிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம். நர்சிங் முடித்த கையோடு டெல்லிக்கு ரயில் ஏறியவள். ஒரு பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பதினெட்டு வருடம். கணவருக்கு மத்திய அரசு வேலை, மோதி பாகில் குவார்ட்டர்ஸ், இரண்டு பிள்ளைகள். இரவு ஷிப்ட் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போன சமயத்தில், முன்னாள் படைவீரர்களுக்கான ஒரு சிகிச்சை நிலையத்தில் இந்தப் பிரிவைத் தொடங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பகல் வேலை, அதுவும் உட்கார்ந்தபடி. சேரும்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. மனநோய் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் தெரியும் என்ற எண்ணம் உள்ளுக்குள் இருந்தது.

பிரிவுக்குப் பொறுப்பாளர் சுபேதார் நேகி. கட்வால் மலைக்காரர். படையில் செய்தித் தொடர்பைக் கவனிக்கும் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். எல்லோரும் அவரை நேகி சாஹிப் என்போம். ஒல்லியான ஆள், குரல் எழும்பவே எழும்பாது. முதல் நாளே ஒரு விஷயம் கவனித்தேன். போனில் அந்தப் பக்கம் பழைய சிப்பாய் ஒருவர் பேசத் தொடங்கியதும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிடுவார். பேச்சு முடியும்வரை நின்றுகொண்டேதான் இருப்பார். பேசுகிறவர் இவருக்குக் கீழ்ப்பட்ட பதவியில் இருந்தவராக இருந்தாலும் அப்படித்தான்.

"அவர் நம்மளப் பாக்கவா போறாரு, சாஹிப்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உக்காந்து பேசினா என் குரல் உக்காந்த குரலா இருக்கு, சிஸ்டர்ஜி. அவருக்குத் தெரிஞ்சிடும்" என்றார்.

அவருடைய முறைகள் நான்கைந்துதான். ஒவ்வொருவருக்கும் கிழமையும் நேரமும் ஒன்றே. செவ்வாய் பதினொரு மணி என்று சொன்னால் பதினொரு மணி. பத்து ஐம்பத்தெட்டுக்கும் கூடாது, பதினொன்று ஐந்துக்கும் கூடாது. போனை வைப்பதற்கு முன் அடுத்த அழைப்பு எப்போது என்று சொல்லியாக வேண்டும். அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே நோட்டில் எழுத வேண்டும். 'மனச்சோர்வு' என்று நாம் பெயர் வைக்கக் கூடாது, 'சோறு இறங்கவில்லை' என்று அவர் சொன்னால் அதைத்தான் எழுத வேண்டும். வாரக் கடைசியில் ஒவ்வொரு பக்கத்தையும் நேகி சாஹிப் படித்துக் கீழே கையெழுத்துப் போடுவார்.

இன்னொன்று, கேட்க வேண்டியதை நேராகக் கேட்பது. அங்கேதான் நான் சறுக்கினேன். வார்டில் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிடலாம். முகம் தெரியாத ஒருவரிடம் போனில் கேட்க நாக்கு எழவில்லை. சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு பெரியவரிடம், "தப்பான எண்ணம் ஏதாவது வருதா?" என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். "இல்லை, இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நேகி சாஹிப் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு என் மேஜைக்கு வந்தார். "தப்பான எண்ணம்னு சொன்னீங்களே சிஸ்டர்ஜி, தப்புன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. இனிமே அவர் எப்படிச் சொல்லுவாரு? சாகணும்னு தோணுதான்னே கேளுங்க. அந்த வார்த்தை அவர்கிட்ட ஏற்கெனவே இருக்கு. நீங்க கொண்டுபோய்க் கொடுக்கலை. நீங்க சொன்னா, அவரும் சொல்லலாம்னு தைரியம் வரும்."

அவர் எதிரிலேயே அதே பெரியவரை மறுபடி கூப்பிட்டு அப்படியே கேட்டேன். "மூணு மாசமா யாராவது இதைக் கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு, மகளே" என்றார். பதினெட்டு வருடம் கற்றதோடு அன்று ஒன்று சேர்ந்தது.

எல்லோரையும் காப்பாற்றிவிட்டோம் என்று சொன்னால் அது பொய். ஒருவரை இழந்தோம். அன்று நேகி சாஹிப் எங்களுக்கு ஆறுதல் சொல்லவில்லை. எங்களுடன் உட்கார்ந்து இறந்தவருடைய நோட்டுப் பக்கங்களை முதலிலிருந்து படித்தார், யாரையும் குற்றம் சொல்லாமல். பிறகு ஒரு வருடம் மாதந்தோறும் அந்த வீட்டம்மாவைப் போய்ப் பார்த்துவந்தார். இறந்தவரின் வீட்டாரையும் கவனிக்க வேண்டும், அவர்களுக்கும் அந்த எண்ணம் வரலாம் என்பதை அவர் செய்வதைப் பார்த்துத்தான் நாங்களும் செய்யத் தொடங்கினோம்.

இனி முத்தையாவின் கதைக்கு வருகிறேன்.

ஹவில்தார் முத்தையா விருதுநகர்ப் பக்கத்துக்காரர். பீரங்கிப் படையில் இருபத்து நான்கு வருடம் இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு துவாரகாவில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்தார். விமான நிலையத்துக்கு அருகே பாலம் என்ற பகுதியில் ஒற்றை அறை வீடு. மனைவி கனகா நாலைந்து தமிழ் வீடுகளில் சமையல் செய்துவந்தாள். மகளை ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தூக்கம் வரவில்லை என்று அவர் மருந்து வாங்க வந்தபோது, டாக்டருக்கு அவர் முகம் சரியாகப் படவில்லை. எங்கள் பட்டியலில் பெயரைச் சேர்த்தார். தமிழர் என்பதால் எனக்கு வந்தது. செவ்வாய், பதினொரு மணி.

முதல் மூன்று வாரமும் நன்றாகவே பேசினார் என்று நினைத்தேன். கணீரென்ற குரல். "நல்லாயிருக்கேம்மா. ஒரு குறையும் இல்ல. சந்தோஷம்மா." நேரான கேள்வியையும் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றார். நேகி சாஹிப் படிக்க வேண்டுமே என்று இந்தியில் எழுதிய நோட்டில் மூன்று பக்கமும் 'நல்லாயிருக்கேன்' என்றுதான் இருந்தது. நேகி சாஹிப்பும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

நான்காவது செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் தண்ணீர் வரவில்லை. அந்த நினைப்பில், "உங்க பக்கம் தண்ணி வருதா அண்ணாச்சி?" என்று கேட்டுவைத்தேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "அண்ணாச்சி, இப்ப எங்க இருக்கீங்க?"

"ரொம்ப சந்தோஷம்மா. வச்சிரட்டுமா?"

போன் போய்விட்டது. அவருக்கு நான் பேசிய எதுவுமே கேட்கவில்லை. வருடக்கணக்காகப் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்ற காது. ஒரு பெண் குரல் கூப்பிடுகிறது, அக்கறையாக ஏதோ சொல்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. மரியாதைக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். சாக நினைக்கிறீர்களா என்று கேட்டதற்கு 'ஒண்ணும் இல்லம்மா' என்று அவர் சொன்னதும், தண்ணீர் வருகிறதா என்பதற்குச் சொன்னதும் ஒன்றுதான்.

நோட்டை எடுத்துக்கொண்டு நேகி சாஹிப்பிடம் போனேன். அந்த மூன்று பக்கங்களையும் கிழித்துப் போட வேண்டும் போல இருந்தது. அவர் வாங்கிப் பார்த்தார். "கோடு போட்டு அடிக்காதீங்க, கிழிக்காதீங்க. கீழே எழுதுங்க: இவருக்குக் காது கேட்கவில்லை, கவனிக்கத் தவறினோம்" என்றார். நான் 'தவறினேன்' என்று எழுதினேன். அதைத் 'தவறினோம்' என்று திருத்தச் சொல்லி, பேனாவை வாங்கிக் கீழே மறுபடி கையெழுத்திட்டார். "மூணு வாரமும் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டது நான்தானே? வாங்க, கிளம்புவோம்."

பாலம் பகுதிக்குப் போய்ச் சேரும்போது கனகா மத்தியானச் சமையலை முடித்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். நர்ஸ் உடையில் என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அவுக ட்யூட்டிக்குல்லக்கா போயிருக்காக. என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம். காது எப்படிக் கேக்குது அவருக்கு?"

"பக்கத்துல நின்னு கத்தினாத்தான் கேக்கும். மெஷின் வாங்குங்கன்னா கிழவன்னு சொல்லுவானுகங்காக." சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். "ரெண்டு வாரமா ஒரு மாதிரியா இருக்காக அக்கா. பேரும் நம்பரும் எழுதுன கறுப்பு டிரங்குப் பெட்டிய எதுத்த வீட்டுக்காரருக்குக் குடுத்துட்டாக. ஷூவயும் யாருக்கோ குடுத்தாச்சு. தினமும் பாலிஷ் போடுவாகளே, அந்த ஷூ. மகளுக்குப் போனப் போட்டு, அம்மாவ உன்கூட வச்சுக்கிருவியான்னு கேட்டுருக்காக."

நேகி சாஹிப்பிடம் இந்தியில் சொன்னேன். அவர் எழுந்துவிட்டார்.

குடியிருப்பின் கேட்டுக்கு நடந்தே போய்விடும் தூரம்தான். கனகாவும் கூடவே வந்தாள். அங்கே இருந்த காவலாளி ஆச்சரியமாகப் பார்த்தார். "முத்தையா அண்ணாவா? அவர் போய் ரெண்டு மாசம் ஆச்சே. இண்டர்காம் அடிக்கிறது கேக்கலைன்னு தகராறு. அவரே சாவியை வச்சிட்டுக் கிளம்பிட்டார்."

கனகா இரண்டு மாதமாகக் காலையில் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறாள். யூனிபார்மைத் தேய்த்துக் கொடுத்திருக்கிறாள். தினமும் ஏழு மணிக்குத் தவறாமல் திரும்பி வந்திருக்கிறார்.

போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நேகி சாஹிப் கனகாவிடம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "வீட்டுக்கு வரும்போது எப்படி வருவார்? களைச்சா? அழுக்கா? கையில எதாவது இருக்குமா?"

நான் தமிழில் கேட்டேன். கனகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சட்டைப்பையில விபூதிப் பொட்டலம் இருக்கும். கேட்டா, வழியில யாரோ குடுத்தாகன்னு சொல்லுவாக."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அவரிடம் பேசும்போதெல்லாம் பின்னால் மணி ஒலித்திருக்கிறது. கேட்டுக்குப் பக்கத்தில் கோயில் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே கண்ணுக்கு எட்டிய வரை கோயில் இல்லை. மணியும் விபூதியும் என்றால் ஆர்.கே.புரத்து முருகன் கோயிலாகத்தான் இருக்கும். "மலை மந்திர்" என்றேன்.

ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு போனோம். நான் கிறிஸ்தவள். அந்தக் கோயில் படியில் அதுவரை கால் வைத்ததில்லை. அன்று போகும் வழியெல்லாம் என் ஆண்டவரிடமும் வேண்டினேன், அந்த முருகனிடமும் வேண்டினேன். நான்கு மணி இருக்கும். படிக்கட்டு தொடங்கும் இடத்துக்கு ஓரமாக, மர நிழலில் இருந்தார். செக்யூரிட்டி யூனிபார்ம், முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாப்பாட்டுத் தூக்கு, திறக்காமலே இருந்தது.

கனகா ஓடப்போனாள். நேகி சாஹிப் கையைக் காட்டி நிறுத்தினார். "கொஞ்சம் பொறும்மா. முதல்ல சிஸ்டர் போகட்டும். உன்னைப் பாத்தா வெக்கப்படுவார்."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த இடத்தில் எப்படிக் கேட்பது? கத்தினால்தான் கேட்கும். கத்திக் கேட்கிற கேள்வியா அது? சுற்றிலும் ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். பையிலிருந்து அவருடைய நோட்டையே எடுத்தேன். புதுப் பக்கத்தில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'நான்தான் செவ்வாய்க்கிழமை போன் செய்கிற ஜெயராணி. நான் கேட்டது உங்களுக்குக் கேட்கவில்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. மன்னிக்கணும். உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா?'

படித்தார். ஒரு தடவை அல்ல, மூன்று நான்கு தடவை படித்திருப்பார். என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். அழகான கையெழுத்து அவருக்கு. 'ஆமாம்' என்று எழுதினார். கடைசிப் புள்ளியைக்கூட விடாமல் வைத்தார்.

அதற்கு மேல் நாங்கள் அந்த நோட்டில் எழுதிக்கொண்டதை இங்கே எழுதமாட்டேன். என்றைக்கு என்று அவர் தீர்மானித்துவிட்டிருந்தார் என்பது மட்டும் போதும். அது தொலைவில் இல்லை. ஒரு வரியை மட்டும் அவரே போடச் சொன்னார்: 'வேலை போனதுகூடப் பெரிசில்லை. என் பொண்டாட்டி பேசுவது எனக்குக் கேட்கவில்லை. தலையாட்டித் தலையாட்டி நான் பொம்மையாகிவிட்டேன்.'

நான் தலையை அசைத்ததும் நேகி சாஹிப் வந்தார். முத்தையா அனிச்சையாக எழுந்து விறைப்பாக நின்றார். நேகி சாஹிப் அவர் தோளைத் தொட்டு உட்காரவைத்துவிட்டுத் தானும் படியில் உட்கார்ந்து, நோட்டில் இந்தியில் எழுதினார். முத்தையாவுக்குப் படையில் கற்ற இந்தி உண்டு. 'நான் சிக்னல்காரன். லைன் அறுந்தால் சரிசெய்வது என் வேலை. இன்றைக்கு உன்னை விட்டுப் போகமாட்டேன். முதலில் சாப்பிடு.'

தூக்கைத் திறந்து மூடியில் கொஞ்சம் தனக்கும் வைத்துக்கொண்டார். கனகா கட்டிக் கொடுத்த புளிச்சோறு. இருவரும் சாப்பிட்டார்கள். நான் கனகாவைக் கூட்டிவந்தேன். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையிலிருந்த தூக்கை வாங்கிக்கொண்டு, அழுதாள். அவரும் அழுதார்.

அங்கிருந்து நேராக மருத்துவமனைக்குப் போனோம். அவரே சம்மதித்து வந்தார். டாக்டர் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். வீட்டில் எதையெல்லாம் அவர் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும், யாரிடம் கொடுத்துவைக்க வேண்டும் என்று கனகாவுடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். மனசு மறுபடி இருண்டால் முதலில் யாரைத் தேடுவது, அவர் இல்லையென்றால் அடுத்து யார் என்று முத்தையாவே ஒரு தாளில் எழுதினார். முதல் பெயர் கனகா. இரண்டாவது நேகி சாஹிப்.

பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். காது பரிசோதனை முடிந்து மெஷின் வர மேலும் ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரம்தான் எனக்குப் பயமாக இருந்தது. போனில் பேச முடியாது. தினமும் நேரில் போக ஆளில்லை. நேகி சாஹிப் தபால் நிலையத்துக்குப் போய் ஒரு கட்டு கார்டு வாங்கிவந்தார். "இவருக்குக் கார்டு போடுவோம். தமிழ்லயே போடுவோம்."

"நான் எழுதறேன் சாஹிப்."

"நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு."

"உங்களுக்குத் தமிழ் தெரியாதே?"

"நீங்க எழுதிக் குடுங்க. பாத்து எழுதறேன். ரெண்டு பேர் எழுத்து வந்தா, ரெண்டு பேர் நினைச்சிருக்காங்கன்னு தெரியும்."

எழுதினார். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார். நாலு வரிக்கு முக்கால் மணி நேரம். 'அன்புள்ள முத்தையா, டெல்லியில் வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் நிறையக் குடியுங்கள். வியாழக்கிழமை வருகிறேன். நேகி.' இதில் 'ழ' வருகிற இடமெல்லாம் ஒரு சின்னப் படம் வரைந்ததைப் போல இருக்கும். வேறு எதுவும் கேட்க மாட்டோம், பதில் போடு என்றும் சொல்ல மாட்டோம். நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் செய்தி.

மூன்றாவது வாரம் நேகி சாஹிப் அனுப்பிய கார்டு ஒரு உறைக்குள் வைக்கப்பட்டு எங்களுக்கே திரும்பி வந்தது. பதறிப்போய்ப் பிரித்தேன். கார்டு முழுக்கச் சிவப்பு மை. 'ள' வர வேண்டிய இடத்தில் 'ன', ஒரு கொம்பு விட்டுப்போயிருக்கிறது, புள்ளி இல்லை. எல்லாவற்றையும் வாத்தியார் போலத் திருத்தி, ஓரத்தில் பத்துக்கு நான்கு மார்க் போட்டு, கீழே எழுதியிருந்தார்: 'சாஹிப் இன்னும் பழகணும்.'

நேகி சாஹிப் அவ்வளவு உரக்கச் சிரித்து நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பிறகு உட்கார்ந்து, திருத்திய சொற்களை ஒவ்வொன்றும் பத்துத் தடவை எழுதி அனுப்பினார். அடுத்த முறை ஆறு மார்க் வந்தது.

மெஷின் வந்த அன்று அதைக் காதில் வைத்ததும் முத்தையா முகத்தைச் சுளித்தார். "அந்த ஃபேன் என்ன இப்படிக் கத்துது? ஆயில் போடுங்கய்யா" என்றார். கனகா, "என்னங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "கேக்குது கேக்குது, சும்மா சும்மா கூப்பிடாத" என்று சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அடுத்த குளிர்காலத்தில் மறுபடி இருண்டது. அந்த முறை அவரே தாளை எடுத்து முதல் பெயரைத் தேடினார். கனகா எங்களுக்குச் சொன்னாள். மருந்து மாற்றினார்கள். மெல்ல மேலே வந்தார். மெஷினைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டுச் சண்டை பிடித்த நாட்களும் உண்டு. எதிர்வீட்டுக்காரரிடமிருந்து டிரங்குப் பெட்டியைத் திருப்பி வாங்கியது ஒன்றரை வருடம் கழித்துத்தான்.

நேகி சாஹிப் எனக்கு மூன்று வருடம் முன்னால் ஓய்வுபெற்று மலைக்குப் போய்விட்டார். பிரிவு உபசாரத்தில் பேசச் சொன்னபோது, எந்தெந்தக் கிழமை எத்தனை மணிக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

நான் ஓய்வுபெற்ற நாளன்று அலுவலகத்தில் மாலையும் கேக்கும் முடிந்ததும், ஒரு பெட்டி சோன்பப்டி வாங்கிக்கொண்டு பாலம் பகுதிக்குப் போனேன். முத்தையாவிடமும் கனகாவிடமும் சொல்லிக்கொள்ள வேண்டும், கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று ஆசை. வழியெல்லாம் என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டே போனேன்.

மெட்ரோ நிலைய வாசலிலேயே முத்தையா எதிரில் வந்தார். தேய்த்த சட்டை, கையில் பைல். கூட ஒரு வயதான சர்தார்ஜி. அவரும் பீரங்கிப் படைக்காரராம். காது கேட்காதாம்; மெஷின் வேண்டாம் என்று ஆறு மாதமாக அடம் பிடிக்கிறாராம். பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறார்.

"அண்ணாச்சி, இன்னைக்கோட எனக்கு ரிட்டையர்மெண்ட்" என்றேன்.

"அப்படியா சிஸ்டர்! ரொம்ப சந்தோஷம். நல்லா ரெஸ்ட் எடுங்க." கையிலிருந்த இனிப்புப் பெட்டியை வாங்கி என் கையிலேயே திருப்பி வைத்தார். "கனகா வீட்டுல இருக்கா, குடுத்துட்டு டீ குடிச்சிட்டுப் போங்க. என்னால நிக்க முடியாது. மூணு மணிக்கு டோக்கன், இவரு மனசு மாறுறதுக்குள்ள கொண்டுபோய்ச் சேக்கணும். அப்புறம் பேசுவோம், என்ன?"

பதிலுக்குக்கூட நிற்கவில்லை. சர்தார்ஜியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எஸ்கலேட்டரில் ஏறி, அவர் காதுக்கருகில் குனிந்து என்னவோ சத்தமாகச் சொல்லிக்கொண்டே மேலே போய்விட்டார். நான் சோன்பப்டியும் கையுமாக அங்கேயே நின்றேன். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். எனக்காக ஒதுக்க அவரிடம் ஐந்து நிமிடம்கூட இல்லை. என் வேலைக்காலத்தில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதைவிடப் பெரியது எதுவும் இல்லை.